மடங்காத முட்டியும் நியாய மதிப்பு மன்றமும்

லிப்ட்காரர் ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரி நிர்வாகம் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் ஒரு கட்டுப் பங்குகளும் கொடுத்தது. பணமாகக் கொடுத்தால் மனிதர் செலவழித்துவிடுவாரே என்ற கவலை நிர்வாகத்துக்கு. "இன்னிக்கிலேருந்து நீங்க தொழிலாளி இல்ல, முதலாளி!" என்று நிர்வாக அதிகாரி மைக்கில் முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். லிப்ட்காரரும் தட்டினார். மறுநாள், மறந்து வைத்துவிட்ட சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்க அந்த முதலாளி போனபோது, பார்வையாளர் சீட்டு இல்லை என்று வாசல் காவலாளி உள்ளே விடவில்லை.

முப்பது வருஷம் ஊரிலுள்ள நோயாளிகளையெல்லாம் ஏற்றி இறக்கியவர் அவர். ஆனால் அவர் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் கிடையாது. வீடு நாலாவது மாடி. தலைக்கு மேலே மொட்டை மாடி, காலுக்குக் கீழே கணக்கில்லாத படிகள். அந்தப் படிகளில் காய்கறிப் பையோடு ஏறி இறங்கியே அவர் மனைவியின் முட்டிகள் தேய்ந்துபோயின. முதலில் இடது முட்டி மக்கர் செய்தது. அக்காவுக்குத் துணையாகத் தங்கை என்று வலது முட்டியும் கிளம்பியது.

ஒன்பது மாசமாக அந்த அம்மாள் கீழே இறங்கவில்லை. சந்தையில் கடைக்காரர்களை நடுங்க வைத்துப் பேரம் பேசியவள், இப்போது பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி, நாலு மாடி உயரத்திலிருந்து கத்திப் பேரம் பேச வேண்டியிருந்தது. தொண்டையும் போனது, விலையும் குறையவில்லை. "இந்தத் தெருவுல யாருக்கு எவ்வளவு வழுக்கைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மூஞ்சிங்கதான் மறந்துபோச்சு," என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். லிப்ட்காரருக்குத்தான் சிரிப்பு வராது.

எலும்பு டாக்டர் இரண்டு முட்டியையும் மாற்ற வேண்டும் என்றார். தொகையையும் சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் பேப்பரில் அன்றைய பங்கு விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். எல்லாப் பங்கையும் விற்றால் சரியாக இரண்டு முட்டி வந்தது. மிச்சத்துக்கு ஒரு கைத்தடி வாங்கலாம்.

"நாளைக்கே வித்துட்டு வந்துடறேன்," என்றார் லிப்ட்காரர். பாவம், அவருக்கு நியாய மதிப்பு மன்றத்தைப் பற்றித் தெரியாது.

ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்ட பங்குகள் ஊழியர்களின் பெயரில் இருந்தாலும், சாவி மன்றத்தின் கையில் இருந்தது. ஊழியர்கள் வெள்ளந்திகள், அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் பிறகு கண்ணைக் கசக்குவார்கள். ஆகவே பங்கின் விலை நியாயமாக இருக்கிறது என்று மன்றம் சான்றிதழ் கொடுத்தால்தான் விற்கலாம். மன்றம் நாற்பது வருஷமாக இந்தச் சேவையைச் செய்து வந்தது. அதன் வரவேற்பறையில் நாற்காலிகள் தேய்ந்து பளபளவென்றிருந்தன.

முகப்பு மேஜையில் இருந்த அம்மாள் விதிமுறைகளை மிகவும் பொறுமையாக விளக்கினாள்.

"விலை குறைவா இருந்தா விக்க விடமாட்டோம், பெரியவரே. நீங்க நஷ்டப்படுவீங்க."

"சரிங்கம்மா. விலை அதிகமா இருந்தா?"

"அதிகமா இருந்தா வாங்கறவன் நஷ்டப்படுவான். அவனும் மனுஷன்தானே? அதுக்கும் விடமாட்டோம்."

"அப்ப நியாயமா இருந்தா விக்கலாம்."

"தாராளமா. ஆனா பாருங்க, நியாயமான விலையில இருக்கற ஒரு நல்ல பங்கை ஒருத்தர் எதுக்கு விக்கணும்? அதுக்குத் தனியா காரணம் கேப்போம்."

"காரணம் இருக்குங்கம்மா. வீட்டுக்காரிக்கு முட்டி..."

"அதை விண்ணப்பத்துல எழுதுங்க," என்றாள் அவள். பெரிய கட்டம் ஒன்று அதற்காகவே விட்டிருந்தார்கள். லிப்ட்காரர் அதில் இண்டு இடுக்கு விடாமல் மனைவியின் இரண்டு முட்டிகளையும் பற்றி எழுதிக் கொடுத்தார்.

முதலில் அவரைப் பின்னோக்குப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த அதிகாரியை மன்றத்தில் எல்லோரும் போன வருஷக்காரர் என்றே அழைத்தார்கள். சுவரில் போன வருஷத்து நாள்காட்டி தொங்கியது. அவர் ஒரு பங்கின் விலையை எடுத்து, போன வருஷம் அந்தப் பங்குக்கு வந்த வருமானத்தால் வகுத்தார்.

"இருபத்தெட்டு மடங்கு," என்றார்.

"அப்படின்னாங்க?"

"ஆஸ்பத்திரி வருஷத்துக்கு ஒரு காசு சம்பாதிக்குதுன்னா, அந்த ஒரு காசுக்கு ஜனங்க இருபத்தெட்டுக் காசு குடுத்துப் பங்கு வாங்கறாங்க."

"அப்ப போட்ட காசு திரும்பி வர இருபத்தெட்டு வருஷம் ஆகுமே? எனக்கு இப்பவே அறுபத்திரண்டுங்க."

"அது உங்களுக்கு. நாங்க சராசரி முதலீட்டாளரை வச்சுத்தான் கணக்குப் போடறோம். சராசரி முதலீட்டாளருக்கு வயசு ஆகறதில்ல," என்றார் போன வருஷக்காரர். பிறகு நாள்காட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஊரே படுத்துச்சு. என்ன அருமையான வருஷம்!"

மன்றத்தில் மூச்சுக்கு மூச்சு மடங்குதான். 'பல மடங்காக உயர்கிறது' என்று நீட்டி முழக்க நேரமில்லாததால், ஏறுகிற பங்கை 'நல்லா மடங்குது' என்றும், ஏறாத பங்கை 'மடங்கல' என்றும் சொல்லிப் பழகிவிட்டார்கள். நடைபாதையில், டீ மெஷின் பக்கத்தில், படிக்கட்டில் என்று எங்கே பார்த்தாலும், "உனக்கு எப்படி, மடங்குதா?" "எங்க, நேத்துலேருந்து மடங்கவே இல்ல" என்றுதான் பேச்சு. இதைக் கேட்ட லிப்ட்காரர், இங்கே எல்லோருக்கும் முட்டிவலி போலிருக்கிறது என்று மனசுக்குள் பரிதாபப்பட்டார்.

அடுத்தது முன்னோக்குப் பிரிவு. அங்கே இருந்தவர் வர்ற வருஷக்காரர். அவர் சுவரில் அடுத்த வருஷத்து நாள்காட்டி. அதே விலையை, அடுத்த வருஷம் வரப்போகிற வருமானத்தால் வகுத்து, "பத்தொன்பது மடங்கு!" என்று குதூகலமாக அறிவித்தார்.

"பக்கத்து ரூம்ல இருபத்தெட்டுன்னாங்களே?"

"அவர் நடந்து முடிஞ்சதை வச்சுச் சொல்றார். அதுல என்ன திறமை இருக்கு? அடுத்த வருஷம் இன்னும் நிறையப் பேருக்கு உடம்பு சரியில்லாமப் போகும்னு நாங்க எதிர்பார்க்கறோம்."

"யாருக்குங்க?"

"குறிப்பா யாருக்கும்னு இல்ல. பொதுவா," என்ற வர்ற வருஷக்காரர், லிப்ட்காரரை மேலும் கீழும் நம்பிக்கையோடு பார்த்தார். "உங்க வீட்ல எப்படி?"

"வீட்டுக்காரிக்கு ரெண்டு முட்டியும் மாத்தணும்னு..."

"ரொம்ப சந்தோஷம்! ரெண்டுமா?" என்று குறித்துக்கொண்டார்.

"இந்தப் பங்கை வித்தாத்தாங்க மாத்த முடியும்."

"அங்கதான் ஒரு நுணுக்கம் இருக்கு. அவங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஆஸ்பத்திரிக்கு வருமானம் ஏறும். வருமானம் ஏறினா மடங்கு இறங்கும். மடங்கு இறங்கினா பங்கு மலிவுன்னு அர்த்தம். மலிவா இருக்கும்போது விக்கலாமா? கூடாது."

"விக்காம ஆபரேஷன் எப்படிங்க பண்றது?"

"பண்ணாம இருந்தா வருமானம் ஏறாது. மடங்கு அதிகமாத் தெரியும். விலையில நியாயம் இல்லன்னு ஆயிடும். அப்பவும் விக்க முடியாது."

லிப்ட்காரர் வாழ்க்கை முழுக்க மேலே போவதையும் கீழே வருவதையும் பார்த்தவர்தான். ஆனால் நடுவில் எந்த மாடியிலும் கதவு திறக்காத லிப்டை அவர் அதுவரை பார்த்ததில்லை. "இந்த வருஷத்தை யாராவது கணக்குப் பண்றாங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இந்த வருஷம் இன்னும் முடியவே இல்லையே. முடியாததை எப்படிக் கணக்குப் பண்றது?" என்றார், இன்னும் தொடங்காத வருஷத்தைக் கணக்குப் பண்ணி முடித்திருந்தவர்.

மூன்றாவது ஒப்பீட்டுப் பிரிவு. அங்கே ஓர் இளம் பெண் ஆய்வாளர் இருந்தாள். ஆரோக்கியத் துறையின் எல்லா நிறுவனங்களுடைய மடங்கையும் கூட்டி வகுத்து, ஆஸ்பத்திரியின் மடங்கு அதற்கு மேலா கீழா என்று பார்ப்பது அவள் வேலை. இரண்டு தகராறுகளால் அந்த வேலை நின்றிருந்தது. மாத்திரைக் கம்பெனி ஒன்று பத்து வருஷமாக மாத்திரை கண்டுபிடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு காசு வரவில்லை. வருமானம் பூஜ்யம் என்பதால் வகுக்க முடியாமல், அதன் மதிப்பு கணக்கில் அடங்காதது என்று மேலிடம் முடிவு செய்து, மன்றமே அதில் நிறையப் பங்கு வாங்கி வைத்திருந்தது. இன்னொன்று, சவப்பெட்டிக் கம்பெனி ஆரோக்கியத் துறையில் சேருமா என்பது. துறையின் தோல்வி எப்படித் துறையில் சேரும் என்று ஒரு கட்சி. துறையின் கடைசிக் கட்டம்தானே என்று இன்னொரு கட்சி.

"சவப்பெட்டியைச் சேத்தா உங்களுக்கு நல்லது சார். அது நல்லா மடங்குது," என்றாள் அந்தப் பெண் ரகசியமாக. நல்ல மனசுக்காரி.

"சவப்பெட்டி எதுக்கும்மா மடங்கணும்?" என்று புரியாமல் கேட்டுவிட்டு லிப்ட்காரர் வீட்டுக்குப் போனார்.

இப்படி அலைந்து அலைந்து அவர் செருப்பு தேய்ந்தது. ஒருவழியாக மன்றத்தின் முழு அமர்வு முன்னால் அவரை நேரில் வரச் சொன்னார்கள். நீள மேஜையின் தலைப்பக்கத்தில் தலைவர். ஒரு பக்கம் போன வருஷக்காரர், மறுபக்கம் வர்ற வருஷக்காரர். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஓரத்தில் ஆய்வாளர் பெண். தலைவர் எழுந்து, லிப்ட்காரர் ஒருவருக்காக, ஆயிரம் பேருக்குப் பேசுகிற குரலில் பேசினார்.

"நியாயம் என்பது என்ன? சிலர் அதை உணர்வு என்பார்கள். நாங்கள் சொல்கிறோம், நியாயம் என்பது ஓர் எண்! அது எந்த எண் என்பதே இந்த மன்றத்தின் நாற்பதாண்டு காலத் தேடல். இதுவரை நாங்கள் அதைக் கண்டுபிடித்துவிடவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். கண்டுபிடித்திருந்தால் இந்த மன்றம் என்றைக்கோ மூடப்பட்டிருக்கும். இத்தனை குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்திருக்கும். பெரியவரே, உங்கள் பங்கு இருபத்தெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் எங்கோ நியாயமாக இருக்கிறது. அந்த இடத்தை நாங்கள் நெருங்கிக்கொண்டிருக்கும் இந்த வேளையில்..."

அந்த வேளையில் லிப்ட்காரரின் போன் அடித்தது. முப்பது வருஷ லிப்ட் மோட்டார் இரைச்சலில் அவர் காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது; எப்போதும் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார். பதற்றத்தில் பட்டனை அமுக்கியதும், நாலு மாடி உயரத்திலிருந்து பேரம் பேசிப் பழகிய குரல் மன்றம் முழுக்க ஒலித்தது.

"என்னங்க! ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் வந்துட்டுப் போனாங்க. மடங்கவே இல்லைங்க! நேத்து வரைக்கும் கொஞ்சமாச்சும் மடங்கிச்சு. பெரிய டாக்டர்கிட்டயே கேட்டுட்டாங்களாம். இனிமே மடங்காதாம்! வெட்டி எடுத்தாத்தான் உண்டாம். இப்படியே விட்டா இன்னொண்ணும் போயிடுமாம். நீங்க சீக்கிரம் வித்துட்டு வாங்க!"

வர்ற வருஷக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. தலைவர் மெல்ல உட்கார்ந்தார்.

"யாரு பேசினது?"

"வீட்டுக்காரிங்க."

"ஆஸ்பத்திரிக்குள்ள அவங்களுக்குத் தொடர்பு உண்டா?"

"நிறைய உண்டுங்க. பெரிய டாக்டர்லேருந்து கட்டுப் போடற பொண்ணு வரைக்கும் எல்லாரையும் தெரியும்."

"பெரிய டாக்டரே சொல்லிட்டாரா, இனிமே மடங்காதுன்னு?"

லிப்ட்காரருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "ஐயோ சார், நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. அவ சொன்னது முட்டியைங்க! முட்டிதான் மடங்கல!"

நாலு பேனாக்கள் ஒரே நேரத்தில் எழுதின.

"முட்டிப் பிரிவு," என்று வர்ற வருஷக்காரர் கிசுகிசுத்தார். "ஆஸ்பத்திரி வருமானத்துல பாதி முட்டி மாத்தற பிரிவுலேருந்துதான் வருது. நான் அதைத்தான் நம்பியிருந்தேன்."

"போன வருஷம் நல்லாத்தானே மடங்கிச்சு," என்றார் போன வருஷக்காரர் தழுதழுத்த குரலில். முதல்முறையாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிரிவு இல்லைங்க, கால்ல இருக்கற முட்டி!" என்று லிப்ட்காரர் தன் காலைத் தூக்கித் தட்டிக் காட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் காலாலும் கெட்டார். தலைவர் கையுயர்த்தி, "புரியுது பெரியவரே. இதை வெளிப்படையாச் சொல்ல முடியாதுன்னு எங்களுக்கும் தெரியும். சைகையே போதும்," என்று அவரை மரியாதையோடு அனுப்பி வைத்தார்.

மறுநாள் பேப்பரில் மன்றத்தின் அறிக்கை வந்தது. 'முட்டிப் பிரிவு இனி மடங்காது என நம்பத்தகுந்த வட்டாரம் தெரிவிக்கிறது.' மதியத்துக்குள் பங்கு சறுக்கியது. சாயங்காலத்துக்குள் பாதி விலைக்கு விழுந்து அதலபாதாளத்தில் கிடந்தது. உடனே மன்றம் இன்னொரு அறிக்கை விட்டது: பங்கின் விலை இப்போது மிகவும் குறைவு, ஆகவே ஊழியர்கள் யாரும் விற்கக் கூடாது.

லிப்ட்காரர் பேப்பரை மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"நம்பத்தகுந்த வட்டாரம்னா யாருங்க அது?"

"நீதான்."

"நானா?" அவள் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. "இத்தனை வருஷத்துல நீங்க ஒரு நாளாச்சும் என்னை அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

அவரால் சிரிக்க முடியவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு முட்டி வர வேண்டிய இடத்துல இப்ப ஒண்ணுதான் தேறும். அதையும் விக்க விடமாட்டாங்க. அந்தப் போனை நான் எடுக்காம இருந்திருக்கலாம்," என்றார். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டோம், கட்டியவளைக் கீழே இறக்க வக்கில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

"சும்மா இருங்க. கொலையா பண்ணிட்டீங்க? போன் அடிச்சா எடுக்கத்தான் செய்வாங்க," என்றாள் அவள். அவர் தோளைத் தட்ட எழ முயன்று, எழ முடியாமல், கைத்துண்டைச் சுருட்டி அவர்மேல் எறிந்தாள்.

இதற்குள் ஆஸ்பத்திரி நிர்வாகம் கதிகலங்கிப் போயிருந்தது. முட்டிப் பிரிவு நன்றாகத்தான் இருக்கிறது என்று நிரூபிக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, நிறைய முட்டிகளை மாற்றிக் காட்டுவது. இந்த ஒரு மாதம் மட்டும் முட்டிகள் பாதி விலை என்று ஊர் முழுக்க விளம்பரம் ஒட்டினார்கள். லிப்ட்காரர் தெருமுனையில் நின்று அதை இரண்டு தடவை படித்தார். பங்கும் பாதி, முட்டியும் பாதி. ஆக அவரிடம் இருப்பது பழையபடி இரண்டு முட்டிதான். ஆனால் விற்றால்தானே? மாதம் முடிந்தால் முட்டி பழைய விலைக்குப் போய்விடும்.

மன்றத்துக்கு ஓடினார். முகப்பு மேஜை அம்மாள் முழுதாகக்கூடக் கேட்கவில்லை. "விலை குறைவு. தடை," என்றாள். அவர் தளர்ந்து திரும்பும்போது தலைவரே அறையிலிருந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவரே! உங்க வட்டாரத்தை நாங்க நேர்ல பாக்கணும். அடுத்த அறிக்கைக்கு நேரமாச்சு. அவங்களை இங்க கூட்டிட்டு வர முடியுமா?"

"அவளால இறங்க முடியாதுங்க."

"எவ்வளவு ஜாக்கிரதையானவங்க!" என்று தலைவர் வியந்தார்.

லிப்ட்காரர் இதை வீட்டில் வந்து சொன்னார். "வரச் சொல்லுங்க. ஏறி வரட்டும்," என்றாள்.

நாலு பேரும் வந்தார்கள். முன்னால் வர்ற வருஷக்காரர், "இன்னும் ரெண்டே மாடிதான்," என்று ஒவ்வொரு மாடியிலும் சொல்லிக்கொண்டே ஏறினார். பின்னால் போன வருஷக்காரர், இதுவரை எத்தனை படி ஏறியிருக்கிறோம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். தலைவர் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். ஆய்வாளர் பெண்தான் அவரைக் கைப்பிடித்து ஏற்றினாள். உள்ளே அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து, இடது காலை ஒரு முக்காலிமேல் நீட்டிப் போர்வையால் மூடி உட்கார்ந்திருந்தாள். லிப்ட்காரர் நாலு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

மூச்சு வாங்கி முடித்த தலைவர், "அம்மா, அடுத்த காலாண்டு எப்படி இருக்கும்?" என்று பணிவாகக் கேட்டார்.

"எந்தக் காலா இருந்தா என்ன? எடது சுத்தமாப் போச்சு. வலதும் போயிட்டே இருக்கு."

"ரெண்டு காலாண்டும் அவுட்," என்று வர்ற வருஷக்காரர் எழுதினார். ஆய்வாளர் பெண் மட்டும் எழுதவில்லை. அவள் முக்காலிமேல் இருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். சந்தையில் காய்க்காரர்களைப் பார்த்த அதே பார்வை. "இன்னும் நிறைய இருக்கு சொல்றதுக்கு. அதுக்கு முன்னாடி இவர் பங்கை விக்கறதுக்குக் கையெழுத்தைப் போடுங்க."

"அது எப்படிம்மா? விலை குறைவா இருக்கே. நியாயம் இல்லையே."

"குறைவுன்னு யாரு சொன்னது?"

"மன்றம் சொல்லிச்சு."

"மன்றத்துக்கு யாரு சொன்னது?"

தலைவர் போன வருஷக்காரரைப் பார்த்தார். அவர் வர்ற வருஷக்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். "நீங்கதான்மா," என்றாள் ஆய்வாளர் பெண்.

"அப்ப இப்பவும் நானே சொல்றேன். எழுதிக்குங்க. நியாயம்."

நாலு மாடி ஏறி வந்த மன்றம் விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்தது. நாற்பது வருஷத்தில் இந்தச் சொல்லை இவ்வளவு தெளிவாக யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. விதிமுறையில் ஓட்டை தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. வட்டாரமோ நம்பத்தகுந்தது என்று அவர்களே அச்சில் போட்டிருந்தார்கள். கடைசியில் தலைவர் தன் கௌரவத்துக்காக ஒரு சமரசம் செய்துகொண்டார். "எல்லாத்தையும் ஒரேயடியா வித்தா சந்தை கலங்கும். பாதிக்கு அனுமதி," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

லிப்ட்காரர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்ட பிறகு, அந்த அம்மாள் போர்வையை விலக்கினாள். முட்டி ஒரு சின்னப் பூசணி அளவுக்கு வீங்கியிருந்தது. "இதான் உங்க முட்டிப் பிரிவு. நல்லாப் பாத்துக்குங்க."

ஆய்வாளர் பெண் மண்டியிட்டு, அந்த முட்டியைத் தொட்டு, மெல்ல மடக்கிப் பார்த்தாள். அம்மாள் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பெண்ணின் கண்கள் கலங்கிவிட்டன.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று தலைவர் கேட்டார்.

"ஒரு வருஷம் ஆகப்போகுது. அவர்தான் விண்ணப்பத்துல எல்லாத்தையும் எழுதிக் குடுத்தாரே?"

"காரணம் எழுதற கட்டத்தை நாங்க படிக்கறதில்லம்மா," என்றார் தலைவர் உண்மையான கனிவோடு. "படிச்சா எங்களுக்கு இரக்கம் வந்துடும். இரக்கம் வந்தா மதிப்பீடு கெட்டுடும்." பிறகு வெளியே போய், படிக்கட்டில் நின்றபடி வர்ற வருஷக்காரரிடம் சொன்னார்: "குறிச்சுக்கோங்க. நேரடிக் கள ஆய்வில் உறுதியானது. மடங்கல. நம்ம அறிக்கையில ஒரு தப்பும் இல்ல."

பாதிப் பங்கு விற்றது. பாதி விலையில் இடது முட்டி மாற்றினார்கள். கொஞ்ச நாள் வலியில் துடித்தாள். லிப்ட்காரர் கூடவே இருந்து, கட்டுப் போடுகிற பெண்ணைவிட நன்றாகக் காலை நீட்டவும் மடக்கவும் பழகிக்கொண்டார். பிறகு ஒரு நாள் காலையில் அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, புதுக் காலை முன்னே வைத்து, பழைய காலை இழுத்துக்கொண்டு, படிப்படியாக இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். எதிரே வந்த ஒவ்வொருவர் முகத்தையும் நின்று நின்று பார்த்தாள். லிப்ட்காரர் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

ஊர் முழுக்க ஜனங்கள் சலுகை விலைக்கு முட்டி மாற்றிக்கொண்டதில் ஆஸ்பத்திரியின் பங்கு மறுபடியும் மேலே போய்விட்டது. மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை லிப்ட்காரர் மனைவிக்கு உரக்கப் படித்தார். 'தாங்கள் சற்றுப் பொறுத்திருந்தால், விற்ற அதே பாதிக்கு இன்று இரு மடங்கு கிடைத்திருக்கும். எதிர்காலத்தில் இத்தகைய அவசரத்தைத் தவிர்க்குமாறு மன்றம் அன்போடு அறிவுறுத்துகிறது. மீதமுள்ள பாதியின் விலை தற்போது நியாயத்துக்குச் சற்று மேலே இருப்பதால், அதை விற்க இயலாது.'

படித்து முடித்துவிட்டு அவர் கவலையோடு அவளைப் பார்த்தார். "அப்ப அந்த வலது காலு?"

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"வாங்க, மன்றத்துக்குப் போவோம். அதுக்காக ஒத்தக் கால்ல நிக்கறதுக்கு, இப்பதான் எனக்கு ஒரு நல்ல கால் இருக்கே."